நான்காவது வழியனுப்பு

“அம்மிணி, உனக்கு இங்கிலீசு நல்லா வருமில்ல?”

செலஸ்டின் இப்படித்தான் அன்று பேச்சை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பூசை முடிந்து, வாசகப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு ஆன்சி கோவிலின் பக்கவாசல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தாள். செலஸ்டின் பங்குச் சாமியார் வீட்டு கீசரைக் கழற்றிவிட்டு, கருகிப்போன காயிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தப் பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“வருமுங்கண்ணா.”

“வாசிக்கறது மட்டுமா, பேசறதுமா?”

“பேசவும் வரும். ஆனா அவ்வளவாப் பேசமாட்டேன்.”

“அது ஊருக்கே தெரியும். நீயாப் பேச வேண்டாம். நான் பேசறதை இங்கிலீசுல சொன்னாப் போதும்.”

அதற்கும் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே என்று ஆன்சிக்குத் தோன்றியது.  “யார்கிட்டங்க?” என்றாள்.

“பெங்களூருல ஒரு ஃபாதரு. கோவாக்காரரு. அவருக்குத் தமிழ் வராது. என்ற இங்கிலீசு ‘ஹாட் வாட்டர் கமிங், சார்’ வரைக்கும்தான் போகும்.”

“எதுக்குங்கண்ணா அவர்கிட்டப் பேசணும்?”

“அவங்க சபையில சேரப் போறேன்.”

“மறுபடியுமா?” என்று ஆன்சியின் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செலஸ்டின் கோபித்துக்கொள்ளவில்லை. காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடைசியா,” என்றார். “அவங்க நாப்பது வயசு வரைக்கும்தான் ஆளு சேத்துவாங்களாம். ஆகஸ்ட்டு வந்தா எனக்கு நாப்பது. இதுவும் இல்லைன்னா ஆண்டவர்கிட்ட இனிமே நான் இதைப் பத்திக் கேக்கமாட்டேன். அவரும் என்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம்.”

“உங்கக்காவுக்குத் தெரியுமாங்க?”

“அவ நேத்தே பெட்டியை எடுத்து வெயில்ல காயப்போட்டுட்டா.”

ஊட்டி காந்தலில் ‘பாதிச் சாமியார்’ என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் நேராகச் செலஸ்டின் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. “பாதியாவது ஒத்துக்கிட்டாங்களே” என்பார். மூன்று முறை மடத்தில் சேர்ந்து மூன்று முறையும் திரும்பி வந்தவர் அவர். ஒவ்வொரு முறை போகும்போதும் பங்கு மக்கள் கூடி வழியனுப்பு விழா நடத்தினார்கள். மாலை, பிரியாணி, ஒரு பெட்டி, ஒரு கம்பளி. திரும்பி வருவதற்கு விழா கிடையாது. நண்பகல் பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் வழியாக நடந்து வருவார். வழியில் பார்ப்பவர்கள் எல்லாம், “என்னுங்க, லீவா?” என்று கேட்பார்கள். “ஆமாங்க, பெரிய லீவு” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்.

பக்கத்து வீட்டுத் தபித்தாள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். “எங்க சர்ச்சுல ஊழியத்துக்குப் போன ஆளு போனதுதான். உங்க ஆளு மட்டும்தான் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுப் போறாரு” என்று செலஸ்டினின் அக்காவிடம் சுவருக்கு மேலே எட்டிச் சொல்வார். அக்கா பதிலுக்குத் தபித்தாள் வீட்டுப் பக்கம் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டுவார்.

முதல் முறை போனபோது செலஸ்டினுக்குப் பதினேழு வயது. சமவெளியில் இருந்த ஒரு குருமடம். கம்பளியைக் கொடுத்தனுப்பிய பங்கில் ஒருவருக்கும் அங்கே எப்படிப்பட்ட வெயில் என்று தோன்றவில்லை. அங்கே பாட்டுக் கற்றுக்கொண்டார். இன்றும் கீசரைச் சரிசெய்யும்போது இலத்தீனில் பாடுவார். வீட்டுக்காரர்கள் மரியாதையாக வெளியே நிற்பார்கள். இரண்டாவது, மைசூர்ப் பக்கத்தில் தொழிற்பள்ளி நடத்துகிற பிரதர்கள் சபை. வயரிங்கும் பிளம்பிங்கும் அங்கேதான் கைக்கு வந்தன. மூன்றாவது, நாடுகாணிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இருந்த ஒரு தியான மடம். அங்கே மௌனம் கற்றுக்கொண்டாரா என்று கேட்டால் அக்கா கையை மட்டும் விரிப்பார்.

ஏன் திரும்பி வந்தார் என்பதை அவர் ஒழுங்காக யாரிடமும் சொன்னதில்லை. “அழைத்தல் அங்க இல்லீங்க” என்பதோடு முடித்துக்கொள்வார். ஊரும் அதற்கு மேல் தோண்டவில்லை. பதிலாக ஜெபித்தார்கள். ஞாயிறுதோறும் விசுவாசிகள் மன்றாட்டில் திருத்தந்தைக்கும், ஆட்சியாளர்களுக்கும், நல்ல மழைக்கும் பிறகு, “நம் சகோதரர் செலஸ்டின் தன் அழைத்தலைக் கண்டடைய” என்று ஒரு வரி உண்டு. பூசையில் வாசகம் வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஆன்சி அதையும் வாசித்து வருகிறாள். ஆங்கிலப் பூசையிலும் அந்த வரி உண்டு. சீசனுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள்கூட, யார் இந்த செலஸ்டின், ஏதும் ஆபத்தான வியாதியா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதற்கிடையில் அவருடைய பிழைப்பு கீசரில் ஓடியது. ஊட்டியில் கீசர் மெக்கானிக்குக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. ஆனால் செலஸ்டினிடம் கீசரைக் கொடுத்தவர்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஆளைப் பிடிக்க முடியாது. காலையில் கழற்றிப் போடுவார். பத்து மணிக்கு யாராவது வந்து, “அண்ணா, அம்மாவைக் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. எனக்கு அங்க எந்த கேட்டுல போறதுன்னே தெரியாது” என்பார்கள். திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு செலஸ்டின் அவர்களோடு பஸ் ஏறிவிடுவார். மாலையில் வருவார், மறுநாள் வருவார், சில சமயம் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு வருவார். அதுவரை கீசருக்குச் சொந்தக்காரர்கள் அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் குளிப்பார்கள், இல்லையென்றால் குளிக்கமாட்டார்கள். உறைபனி விழுகிற ஜனவரியில் காந்தலில் பலர் குளிக்காததற்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை.

செலஸ்டினுக்கே இது பிடிக்கவில்லை. “இந்தத் தொந்தரவெல்லாம் இல்லாம ஒரு வாரம் நிம்மதியா ஜெபத்துல உக்காந்தேன்னா, ஆண்டவரு என்னை எதுக்குக் கூப்பிடறாருன்னு தெளிவாக் கேட்டுருவேன் அம்மிணி. உக்கார விட்டாத்தான?” என்று ஆன்சியிடம் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரு ஃபாதரோடு வீடியோவில் பேசுவது புதன்கிழமை என்று முடிவானது. பங்குப் பேரவைச் செயலாளர் பிரைட்டன் அதுவரை காத்திருக்கவில்லை. அவனுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அச்சகம் இருக்கிறது. அந்த வார ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. உலகமெங்கும் இறையழைத்தலுக்காக ஜெபிக்கிற நாள். அன்றைக்கே வழியனுப்பு விழாவையும் வைத்துவிட்டால் பொருத்தமாக இருக்கும் என்று அவனும் பங்குச் சாமியாரும் பேசி, பிரியாணிக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பேனரைத் துணியிலேயே அச்சடித்தான். ‘இறைப்பணிக்குப் புறப்படும் எங்கள் செலஸ்டின் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.’ இரண்டாவது முறை போனபோது எடுத்த போட்டோ. அதில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

“இன்னும் அவங்க சேத்திக்கறேன்னே சொல்லலையே பிரைட்டன்,” என்றாள் ஆன்சி.

“அதெல்லாம் சேத்திக்குவாங்க. சேத்திக்கறதுல அண்ணனுக்கு எப்பவும் பிரச்சினை இருந்ததில்ல,” என்றான் அவன்.

புதன்கிழமை ஆன்சி குன்னூரில் இருந்து சீக்கிரமே கிளம்பி வந்தாள். அங்கே ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது அவள் வேலை. பத்தாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள். எழுதுவதென்றால் இரண்டும் ஒன்றுதான். பேசுவதென்றால் இரண்டுமே அவளுக்குக் கொஞ்சம் தூரம். கோவிலில் பூசைச் சாமான்கள் வைக்கிற சாக்கிறிஸ்டி அறையில் மெழுகுவர்த்தித் தண்டில் செல்போனைச் சாய்த்து வைத்து, இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செலஸ்டின் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையை மேல் பட்டன் வரை மாட்டியிருந்தார்.

திரையில் வந்த ஃபாதர் வயதானவர், சிரித்த முகம். நலம் விசாரித்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். முதல் குருமடத்தை விட்டு ஏன் வெளியேறினார் என்று கேட்டார்.

ஆன்சி அதைத் தமிழில் சொன்னாள். செலஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அது வந்து அம்மிணி, என்ற கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்ல தாராபுரத்துக்காரன் ஒருத்தன். வந்த நாள்ல இருந்து அழுகைதான். சோறு எறங்கல அவனுக்கு. ரெக்டர் ஃபாதர்கிட்டச் சொன்னா, சரியாயிரும்னுட்டாரு. சரியாகல. ஒரு நாள் விடிகாலையில நானே அவனைக் கூட்டிட்டுப் பஸ் ஏறிட்டேன். அவங்க ஊட்டுல இறங்கினதும் பாரு, அவங்கம்மா எங்க ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. கொள்ளுப் பருப்புக் கடைஞ்சு போட்டாங்க. அந்த ருசி இன்னும் நாக்குல இருக்குது. சாப்பிட்டுத் திரும்பிப் போனா, ரெக்டர் என்ற பெட்டியை வெளிய வெச்சிருந்தாரு. யாரைக் கேட்டுப் போனேன்னாரு. அழுகறவனை நிக்க வெச்சுட்டு எப்படி ஃபாதர் பர்மிசன் கேக்கறதுன்னேன்...”

ஆன்சி திரைப் பக்கம் திரும்பினாள். ஃபாதரிடம் ஆங்கிலத்தில், “வீட்டு நினைப்பில் அழுத ஒரு மாணவனை வீட்டில் கொண்டுபோய் விட்டார்” என்றாள்.

“இவ்வளவு பேசினேன். நாலு வார்த்தையில முடிச்சுட்டியே?” என்றார் செலஸ்டின்.

“எல்லாம் அதுல அடக்கமுங்கண்ணா.”

“கொள்ளுப் பருப்பு?”

“அதைச் சொல்லலீங்க.”

இரண்டாவது சபையைப் பற்றி ஃபாதர் கேட்டார். செலஸ்டின் இன்னும் நீளமாகச் சொன்னார். துறவியாக வார்த்தைப்பாடு கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் மடத்துச் சமையல்காரருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. அவர் பாலக்காட்டுக்காரர். பக்கத்தில் உறவு என்று யாரும் இல்லை. மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் வீட்டு ஆள் வரும்வரை செலஸ்டின் உடன் இருந்தார். வந்து பார்த்தால் வார்த்தைப்பாடு விழா முடிந்து பந்தலையும் பிரித்துவிட்டார்கள். இவருக்குத் தைத்த வெள்ளை அங்கியைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை வீட்டில் இருக்கலாம் என்று வந்தவர், அப்படியே இருந்துவிட்டார்.

“சமையல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்,” என்றாள் ஆன்சி.

மூன்றாவது மடத்துக்கு வந்தார்கள். அங்கே இவர் அதிகம் பேசுகிறார் என்று வாசல் காவலுக்குப் போட்டார்கள். வாசலில் யார் வரப் போகிறார்கள், தானாக அடங்கிவிடுவார் என்பது மடத்துப் பெரியவரின் கணக்கு. ஆனால் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். கூடலூர் தாலுகா ஆபீசுக்கு எப்படிப் போவது, பென்ஷனுக்கு யாரைப் பார்ப்பது, எஸ்டேட்டிலிருந்து நின்றவர்களுக்கு எங்கே மனு கொடுப்பது என்று கேட்டு வந்தார்கள். வழி சொல்லிப் பார்த்தார். புரியவில்லை என்றார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கூடவே போய்விட்டார். இப்படி ஒரு முறை அல்ல. கடைசியில் பெரியவர் கூப்பிட்டு, “பிரதரே, இதொரு மடமாணு, பஸ் ஸ்டாண்டு அல்ல” என்று மலையாளத்தில் அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

“வாசலுக்கு வந்தவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்,” என்று ஆன்சி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்ன மூன்று பதிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பது அவளுக்கே தெரிந்தது. ஊரில் யாரும் இவற்றைச் சேர்த்து வைத்துக் கேட்டதில்லை.

திரையில் ஃபாதரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “இப்போது யாரைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்?” என்று கேட்டார்.

ஆன்சி தமிழில் கேட்டதும் செலஸ்டினுக்கு முகம் சிவந்தது. “அதெல்லாம் சேந்ததுக்கப்புறம் இருக்காதுன்னு சொல்லு அம்மிணி. கண்டிப்பா இருக்காதுன்னு சொல்லு.”

அவள் சொன்னாள். ஃபாதர் விடவில்லை. இங்கே மடத்தில் யாருக்காவது அப்படி ஒரு தேவை வந்தால், அனுமதி கிடைக்காவிட்டால், என்ன செய்வார் என்றார்.

பொய் சொல்ல இது நல்ல இடம் என்று ஆன்சி நினைத்தாள். செலஸ்டின் உத்தரத்தைப் பார்த்தார், மெழுகுவர்த்தித் தண்டைப் பார்த்தார். “போய்த்தான அம்மிணி ஆகோணும்?” என்றார் மெதுவாக.

ஃபாதர் தலையை ஆட்டினார். தங்களிடம் இடம் இருக்கிறது என்றார். ஜூன் முதல் வாரம் வரலாம், ஒரு கட்டிலை அவருக்காக வைத்திருப்பேன், முடிவு அவருடையது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இன்னும் ஒன்று சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் கொடுத்து, மறைந்துபோனார்.

“கட்டில்னு சொன்னாரே, எனக்கே புரிஞ்சுது. இடம் இருக்குதா?”

“இருக்குதுங்கண்ணா. ஜூன்ல வரலாமாம்.”

“ஆண்டவருக்கு நன்றி. கடைசியா என்னமோ சொல்லிச் சிரிச்சாரே, அது என்ன?”

ஆன்சி போனை எடுத்துப் பையில் வைத்தாள். பையின் ஜிப்பை இழுத்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“சொல்லு அம்மிணி. உன்னைக் கூட்டிட்டு வந்ததே எல்லாத்தையும் சொல்லத்தான்.”

“உங்களுக்கு மடம் வேண்டாமாம். ஒரு பஸ் பாஸ் இருந்தாப் போதுமாம்.”

செலஸ்டின் எழுந்துவிட்டார். “அங்க பார்த்தா பஸ் ஸ்டாண்டு, இங்க பார்த்தா பஸ் பாஸு. எல்லாச் சாமியாருக்கும் என்னைப் பார்த்தா பஸ்ஸு ஞாபகம்தான் வருமா? கிண்டல் பண்றாரா அவரு?”

“கிண்டல் மாதிரி தெரியலீங்க. நெசமாத்தான் சொன்னாருன்னு...”

“நெசமா? இத்தனை வருசமா ஊரே எனக்காக முட்டி போட்டு வேண்டிட்டு இருக்குது. எதுக்கு, பஸ்ல போறதுக்கா? கண்டக்டரு தினமும் போறாரு. அவருக்கு யாராவது மாலை போட்டாங்களா? பிரியாணி போட்டாங்களா?” குரல் சட்டென்று இறங்கியது. “அழைத்தல்னா ஒரு பேரு வேணும் அம்மிணி. குருன்னோ பிரதருன்னோ, இல்ல கல்யாணமானவன்னோ. என்ற கல்லறையில என்ன எழுதுவாங்க? ‘கூடப் போனாரு’ன்னா?”

 மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டே அவர் வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கோவிலுக்குப் பூ வைக்கப் போனபோது செலஸ்டின் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆண்டவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து வந்தவர் போல முதுகு நிமிர்ந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, பேச்சியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் அதே சந்தில் குடியிருப்பவர், கேரட் கழுவுகிற வேலைக்குப் போகிறவர். மாரியம்மன் கோவிலைத் தவிர வேறு கோவிலுக்குள் அவரை ஆன்சி பார்த்ததில்லை. இருதயத்தில் வால்வு கோளாறு என்று சொல்லி, செலஸ்டின்தான் அவரை இரண்டு மூன்று முறை கீழே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்திருந்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செலஸ்டின் ஒரு கண்ணைத் திறந்தார். “என்னக்கா?”

“ஒண்ணுமில்ல சாமி. நீங்க பேசிட்டு இருங்க. நான் பாட்டுக்கு இருக்கேன்.”

மறுபடி கண்ணை மூடினார். பேச்சியம்மா மெல்ல இருமினார். செலஸ்டின் இரண்டு கண்ணையும் திறந்தார். “ஏதாவது வேணுமுங்களா?”

“ஒண்ணும் வேண்டாம். நீங்க போகப் போறீங்களாம். அதான் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அதற்குமேல் செலஸ்டினால் ஆண்டவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை. எழுந்துபோய் ஆன்சியின் பக்கத்தில் நின்று, “பாத்தியா, உக்கார விடறாங்களா?” என்று கிசுகிசுத்தார். பிறகு, “நான் போகத்தான் போறேன். பஸ் பாஸுன்னு சொன்னாரே, அவரு கண்ணு முன்னாடி சாகற வரைக்கும் அந்த மடத்துல இருந்து காட்டறேன். பிரைட்டன்கிட்டச் சொல்லிரு, ஞாயித்துக்கிழமை விழா நிச்சயம்னு,” என்றார்.

ஞாயிறு காலையிலேயே கோவில் வளாகத்தில் பிரியாணி வாசனை வந்துவிட்டது. பூசையில் பங்குச் சாமியார் நல்ல ஆயனைப் பற்றிப் பேசினார். துணி பேனர் காற்றில் படபடத்தது, முடி நிறைந்த செலஸ்டின் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் கீழே முடி குறைந்த செலஸ்டினை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பிரைட்டன் புதுப் பெட்டியும் கம்பளியும் கொடுத்தான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நெற்றியில் சிலுவை வரைகிற சடங்கு. போகிறவருக்குப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டை விரலால் நெற்றியில் சிலுவை போட்டு, ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்புவது அந்தப் பங்கின் வழக்கம். மந்திரித்த தண்ணீர் இருந்த கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஆன்சி செலஸ்டினின் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆகவே காதோடு சொல்லப்பட்டதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

முதலில் வந்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்” என்று உரக்கச் சொல்லிச் சிலுவை போட்டார். பிறகு குனிந்து, “ஜூன்ல எனக்குக் கண் ஆபரேசனுக்குத் தேதி குடுத்திருக்காங்கப்பா. பையன் துபாயில இருக்கான். நீ எப்பப் போறே?” என்றார்.

“முதல் வாரமுங்க.”

“எனக்கு ரெண்டாவது வாரம். ஒரு வாரந்தானப்பா.”

செலஸ்டின் பழக்கதோஷத்தில், “சரிங்க சார், பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த பெண் அழுதுகொண்டே சிலுவை போட்டு, “போயிட்டு வாங்கண்ணா” என்றாள். உடனே, “வீட்டுக்காரருக்கு மாசாமாசம் ரத்த டெஸ்ட் எடுக்கோணும், உங்களுக்கே தெரியும். நீங்க கூட இல்லைன்னா பஸ்ல ஏறவேமாட்டேங்கறாரு. ஜூலை வரைக்கும் மட்டும்...”

“ஜூலை வரைக்குமா? சரிங்க.”

வரிசை நகர்ந்தது. எல்லாரும் உரத்த குரலில் போகச் சொன்னார்கள், தணிந்த குரலில் நாள் குறித்தார்கள். பாஸ்போர்ட் ஆபீஸ், டயாலிசிஸ், மருமகளின் வளைகாப்புக்குப் பிறகு வரும் ஸ்கேன். தபித்தாள்கூட வரிசையில் நின்று வந்து, அவர்கள் வழக்கத்தில் சிலுவை போடுவதில்லை என்பதால் தலையில் கையை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்து, ஆமென் சொன்ன கையோடு, “ரிட்டர்ன் டிக்கெட்டுன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. ஆகஸ்ட்டுல முட்டிக்கு ஆபரேசன்” என்றார். ஒவ்வொன்றுக்கும் செலஸ்டின் “சரிங்க, சரிங்க” என்றார். அவர் நெற்றியில் தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

கடைசியில் பேச்சியம்மா. சிலுவை போடத் தெரியாமல், முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீறு எடுத்து, ஈர நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டார். “நல்லா இருங்க சாமி” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகப் பார்த்தார்.

“அக்கா,” என்று கூப்பிட்டார் செலஸ்டின். “உங்களுக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க?”

“அது கெடக்குது சாமி. வர்ற செவ்வாக்கெழமை. நீங்க பெட்டி கட்டற வேலையைப் பாருங்க.”

பிரைட்டன் மைக்கை நீட்டி, “அண்ணன் இப்ப ரெண்டு வார்த்தை நன்றியுரை ஆற்றுவார்” என்றான். செலஸ்டின் எழுந்தார். நெற்றியெல்லாம் திருநீறு கரைந்து புருவம் வரை வந்திருந்தது. 

“எல்லாருக்கும் நன்றிங்க. ஜூன்ல போறதா இருந்தேன். ஜூன்ல முடியாதுங்க. ஜூலையும் முடியாது போலிருக்குது. ஆகஸ்ட்டுல எனக்கு வயசு முடிஞ்சுருது.”  அவர் பங்குச் சாமியார் பக்கம் திரும்பினார். “ஃபாதர், நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு மனுசனை ஊரே சேந்து சத்தமாப் போ போங்குது. காதுக்குள்ள மட்டும் வா வாங்குது. இதுல எதைங்க ஃபாதர் ஆண்டவரு குரல்னு எடுத்துக்கறது?”

பங்குச் சாமியார் வாயைத் திறந்தார், மூடினார். குருமடத்தில் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்தில் முதலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் சிரித்தார், குற்றமுள்ளவர் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு வரிசையில் நின்ற எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயுமா, நீயுமா என்று விசாரணை கிளம்பி, சிரிப்பு வளாகம் முழுக்கப் பரவியது. செலஸ்டினின் அக்கா, “பெட்டியை உள்ள வெச்சர்றேன்” என்று எழுந்தார்.

“நான் போகலீங்க,” என்றார் செலஸ்டின், சிரிப்பு அடங்கியபோது. “பெங்களூரு ஃபாதருக்கு நானே சொல்லிக்கறேன். கட்டிலை வேற யாருக்காவது குடுத்துருவாரு.”  மைக்கை மறு கைக்கு மாற்றினார். “எனக்கு இது வருத்தமா இருக்கும்னு நெனச்சேன். பாதி வருத்தந்தான் இருக்குது.”

“அண்ணா, அப்ப பேனரு?” என்று பிரைட்டன் மெதுவாகக் கேட்டான். “துணிங்கண்ணா. எழுத்து அழியாது.”

“அழிய வேண்டாம். ஆஸ்பத்திரியில கூட நிக்கறதுக்குப் பாஸு போடப் போட்டோ கேட்டாங்கன்னா, அதையே வெட்டிக் குடுக்கலாம். முதல்ல எல்லாரையும் சாப்பிடச் சொல்லு.”

பிரியாணி தீரும்வரை சத்தம் ஓயவில்லை. நாள் குறித்தவர்கள் ஒருவர் தேதி இன்னொருவர் தேதியோடு மோதுகிறது என்று தங்களுக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆன்சி வழக்கம்போலக் கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம் தட்டை வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். செலஸ்டின் முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கையில் தட்டு இல்லை. ஏதோ கேட்க வந்தவர் போல, கேட்கக் கூச்சப்படுகிறவர் போல நின்றார். அப்படி அவரை அவள் பார்த்ததில்லை.

“அம்மிணி, போன தடவை பேச்சியம்மாக்காவைக் கூட்டிட்டுப் போனப்ப, பொம்பளைங்க வார்டுக்குள்ள என்னை விடல. பகல் பூரா வெளியவே நின்னுட்டு இருந்தேன். உள்ள டாக்டரம்மா என்னமோ இங்கிலீசுல சொல்லியிருக்காங்க. அக்கா எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்துட்டாங்க. என்ன சொன்னாங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொன்னாங்கங்கறாங்க. ராத்திரி படுத்தா மூச்சு விட முடியலை அவங்களுக்கு.” அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “செவ்வாக்கெழமை உனக்கு ஆபீசுல லீவு குடுப்பாங்களா? முதல் பஸ்ஸு. மலை இறங்கறப்ப அக்காவுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழமும் கவரும் நான் கொண்டாந்தர்றேன். நீ அவங்க பக்கத்துல உக்காந்து கையை மட்டும் பிடிச்சுக்கோ. கூட வர்றியா?”